கோடை லீவில் கணக்கு டியூஷன்: பணம் கட்டும் முன் பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

தஞ்சாவூர்:-

10-ம் வகுப்பு பொதுத்தேர்வு முடிந்தால் போதும், தஞ்சை, கும்பகோணம், பட்டுக்கோட்டை பக்கம் பெற்றோருக்கு ஒரே கவலைதான். பிள்ளையை லீவில் கணக்கு டியூஷனுக்கு அனுப்பலாமா, வேண்டாமா?

மேட்டூர் அணை திறப்புக்கு குறித்த நாள் ஜூன் 12. குறுவைக்கு விதை, உழவு, உரம் என்று கையில் காசு தேவைப்படும் நேரத்தில்தான் டியூஷன் பீசும் வந்து நிற்கிறது. பக்கத்து வீட்டு பையன் போகிறான் என்பதற்காக பணம் கட்டிவிட்டு பிறகு வருத்தப்படுவதில் பயன் இல்லை.

யாருக்கு கட்டாயம் தேவை?

10-ம் வகுப்பு கணக்கில் தேர்ச்சி பெறாத மாணவ-மாணவிகளுக்கு இந்த லீவு மிக முக்கியம். அவர்களுக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு நடத்தப்படுகிறது. அதில் பாஸ் செய்தால் ஒரு வருடம் வீணாகாமல் மேலே படிக்கலாம்.

கணக்கில் 100-க்கு 35 எடுத்தால் பாஸ். வினாத்தாளில் வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மார்க். இரண்டும் சேர்ந்து 16. ஒரு மார்க் கேள்விகள் 14. இந்த 30 மார்க்கை மட்டும் தினமும் போட்டு பழகினாலே பாதி பயம் போய்விடும். டியூஷன் தேடும் முன், படித்த பள்ளியிலேயே பயிற்சி தருகிறார்களா என்று ஆசிரியர்களிடம் விசாரிக்க வேண்டும்.

பிளஸ்-1 கணக்கு குரூப்பா?

என்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்கு கட்-ஆப் 200. பிளஸ்-2 கணக்கு மார்க் 100-க்கு அப்படியே சேரும். இயற்பியல், வேதியியல் தலா 50. அதாவது பாதி கணக்கில்தான் இருக்கிறது. நுழைவுத் தேர்வு 2007-ம் ஆண்டு முதல் இல்லாததால் பிளஸ்-2 மார்க்தான் எல்லாமே.

ஆனால் 10-ம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் கூட பிளஸ்-1 கணக்கில் திணறுவது உண்டு. சார்பு, இயற்கணிதம், முக்கோணவியல் மூன்றும் 10-ம் வகுப்பிலேயே வந்து விடுகின்றன. அதை மனப்பாடம் செய்து தாண்டியவர்களுக்கு பிளஸ்-1 புத்தகம் மலைப்பாக இருக்கும்.

வீட்டிலேயே சோதித்து பார்க்க வழி இருக்கிறது. இந்த மூன்று பாடங்களில் இருந்து 5 மார்க் கணக்கு 10 எடுத்து, புத்தகம் பார்க்காமல் போடச் சொல்லுங்கள். ஏழெட்டு சரியாக வந்தால் டியூஷன் தேவைப்படாது. மூன்று, நான்கோடு நின்றுவிட்டால் லீவில் ஒரு மாதம் அடிப்படையை படிப்பது நல்லது. பாலிடெக்னிக் சேருவோருக்கும் இது பொருந்தும். அங்கே முதல் வருடமே கணக்கு உண்டு.

மருத்துவம்தான் குறி என்பவர்களுக்கு கதை வேறு. நீட் தேர்வில் கணக்கு தாள் கிடையாது.

ஏமாற வேண்டாம்

லீவிலேயே பிளஸ்-2 பாடத்தை முடித்து தருகிறோம் என்று சொல்லும் இடங்களில் உஷார் தேவை. பிளஸ்-1 பாடத்தை ஒதுக்கிவிட்டு சில பள்ளிகள் பிளஸ்-2 பாடம் நடத்துகின்றன என்ற புகாரால்தான் 2017-18-ல் பிளஸ்-1 பொதுத்தேர்வு வந்தது. அது 2025-26 கல்வியாண்டு முதல் ரத்து என்று 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது.

பரீட்சை இல்லையே என்று பிளஸ்-1 கணக்கை விட்டுவிட்டால் அடுத்த வருடம் அடிவாங்கும். வெக்டர், நுண்கணிதம் எல்லாம் தொடங்குவதே பிளஸ்-1-ல்தான்.

சேரும் முன் நான்கு கேள்வி கேட்க வேண்டும். ஒரு பேட்ஜில் எத்தனை பேர்? 10-ம் வகுப்பு அடிப்படையில் இருந்து தொடங்குவார்களா? வாரம் ஒரு டெஸ்ட் வைத்து பேப்பர் திருத்தி தருவார்களா? பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா? பதிலில் மழுப்பினால் வேறு இடம் பார்க்கலாம்.

லீவில் சிறப்பு வகுப்பு நடத்தக்கூடாது என்று பள்ளிகளுக்கு பள்ளிக்கல்வித்துறை பல முறை உத்தரவிட்டுள்ளது. வகுப்புக்கு வந்தே ஆகவேண்டும் என்று பள்ளி கட்டாயப்படுத்தினால் மாவட்ட முதன்மை கல்வி அலுவலரிடம் புகார் செய்யலாம்.

காசு இல்லாதவர்களுக்கு

டியூஷனுக்கு வழி இல்லை என்று கலங்க வேண்டாம். அரசு பாடப்புத்தகங்களை இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். 2019-ல் தொடங்கிய கல்வி தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூப்பிலும் உள்ளன. மேல் வகுப்பு படிக்கும் அக்கா, அண்ணனிடம் பழைய புத்தகம் வாங்கி, காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே கணிசமாக முடியும்.

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன், பள்ளி வயதில் கையில் கிடைத்த புத்தகங்களை வைத்து தானாகவே கணக்கு போட்டு பழகியவர். அவரே 1904-ல் கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, மற்ற பாடங்களை கவனிக்காததால் அந்த உதவித்தொகையை இழந்தார்.

எனவே கணக்கு, கணக்கு என்று லீவு முழுக்க பிள்ளையை அதிலேயே அடைத்து வைக்கவும் கூடாது. கட்-ஆப்பில் மீதி 100 மார்க் இயற்பியலிலும் வேதியியலிலும் இருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.