ஓலையும் கடதாசியும்

ஒடியற் கூழ் குடிப்பதற்குத் தீவகத்தார் கையில் ஏந்தும் பிளாவை நேயர்களுட் பலர் கண்டிருப்பீர்கள். பச்சைப் பனையோலையில் ஒரு துண்டை எடுத்து, அதன் இயற்கையான மடிப்புகளைச் சற்றே அகல விரித்துக் கோலி, முனைகளைக் கூட்டிக் கட்டினால் கிண்ணம் ஒன்று பிறந்துவிடுகிறது. ஊசியும் பசையும் வேண்டியதில்லை. சுடச்சுடக் கூழை வார்த்தாலும் கசிவதில்லை. தட்டையாகக் கிடந்த ஒரு பொருள், மடிப்பு ஒன்றினாலேயே கொள்கலமாக மாறுகிற விந்தை அது. 'ஒரி' என்றால் மடித்தல், 'கமி' என்றால் கடதாசி என்று பொருள்பட யப்பானியர் ஒரிகாமி எனப் பெயரிட்டு உலகெங்கும் பரப்பிய கலைக்கும் உயிர்நிலை இதுவேயாகும்.

பாடசாலை விடுமுறைக் காலத்தில், சித்திரை வெயிலிலோ ஓகஸ்ட் மாதத்துச் சோளகக் காற்றிலோ, மண்டைதீவு போன்ற ஓர் ஊரின் சிறு பிள்ளைகளுக்கு இவ்விரு மடிப்புக் கலைகளையும் சேர்த்துக் கற்பிப்பது எங்ஙனம் என்பதையே இங்குக் கூற விரும்புகின்றேன். யாழ்ப்பாண நகருக்கு மிக அண்மையிலுள்ள தீவு மண்டைதீவு. பண்ணையிலிருந்து வேலணைக்குச் செல்லும் கடல்வழிச் சாலையிலிருந்து பிரிந்து அதனுட் புகலாம். பனையும் கடலும் அங்குள்ள மக்களின் இரு கைகள். எனினும், பனையோலையை மடிக்கவும் பின்னவும் அறிந்த கைகள் அங்கே வரவரக் குறைந்து வருகின்றன. 1990ஆம் ஆண்டில் போர் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பேர்த்தியின் கையைப் பிடித்து ஓலையை வளைத்துக் காட்ட வேண்டிய ஆச்சி ஓரிடத்திலும், பேர்த்தி வேறோர் இடத்திலுமாக வாழ்ந்த குடும்பங்கள் பல. இத்தகைய வித்தை ஏட்டில் எழுதி வைக்கப்பட்டதன்று. கையிலிருந்து கைக்குச் செல்வது. இடையே ஒரு தலைமுறை விட்டுப்போனால் அதனை மீட்பது அரிது.

கடதாசி மடிப்புப் பள்ளிக்கூடத்துக்குள் வந்த கதையையும் சிறிது அறிந்துகொள்வோம். யப்பானில் 1797ஆம் ஆண்டிலேயே கொக்குகளை மடிக்கும் முறைகளைக் கூறும் நூல் ஒன்று அச்சாகியது. ஜேர்மனியில் புரோபெல் என்னும் கல்வியாளர் 1837ஆம் ஆண்டு சிறுவர்க்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, 1840ஆம் ஆண்டில் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். அவர் வகுத்த பயிற்சிகளுள் கடதாசி மடித்தலும் ஒன்று. 1876இல் தோக்கியோவில் தொடங்கப்பெற்ற குழந்தைப் பள்ளி அதனை ஏற்றுக்கொள்ளவே, மேல்நாட்டு மடிப்பும் கீழ்நாட்டு மடிப்பும் ஒன்றாயின.

தமிழர் பெருமைப்படத்தக்க செய்தி இனித்தான் வருகின்றது. சென்னையைச் சேர்ந்த சுந்தர ராவ் என்பார், இக்குழந்தைப் பள்ளிப் பயிற்சியைக் கண்டு சிந்தித்து, 1893ஆம் ஆண்டில், கடதாசியை மடித்தே கேத்திரகணிதத்தைக் கற்பிக்கும் ஆங்கில நூலொன்றைச் சென்னையில் வெளியிட்டார். கவராயமும் அளவுகோலும் இன்றிச் சதுரம், முக்கோணம், ஐங்கோணம் முதலியவற்றை மடிப்பினாலேயே பெறும் வழிகளை அதில் விளக்கினார். புகழ்பெற்ற ஜேர்மன் கணித அறிஞர் பெலிக்சு கிளைன் அந்நூலைத் தமது நூலிற் குறிப்பிட, அமெரிக்கப் பேராசிரியர் இருவர் அதனைப் பதிப்பித்து 1901இல் அங்கே வெளியிட்டனர். நம்மவர் எழுதிய இந்நூலை நம் ஆசிரியர்களிற் பலர் இன்னும் கேள்விப்படாதிருப்பது வியப்பே.

இனிச் செயலுக்கு வருவோம். பளபளக்கும் வண்ணக் கடதாசியை விலை கொடுத்து வாங்கினாலன்றி இவ்வேலை நடவாது என்று முன்பள்ளிகள் சில எண்ணுகின்றன. அஃது அவசியமன்று. எழுதி முடித்த கொப்பியின் தாள், நாட்காட்டியிற் கிழித்த தாள், பழைய செய்தித்தாள் ஆகியவை போதும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அந்நியச் செலாவணி இன்மையாற் கடதாசியை இறக்குமதி செய்ய இயலாமல், மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. நாளிதழ்கள் சில சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்திக்கொண்டன. அத்தகைய காலத்திலும் பனை தன் ஓலையைத் தந்துகொண்டே நிற்கும்.

கொப்பித்தாளிலிருந்து சதுரம் பெறுவதே முதற் பாடம். தாளின் ஒரு மூலையை எதிர்ப்பக்க நீண்ட விளிம்பின்மேற் சரியாகப் படியுமாறு சாய்வாக மடித்து, எஞ்சிய பட்டையை வெட்டி எடுத்துவிட வேண்டும். விரித்தால் சதுரம். இதற்கு ஓர் அளவுகோலும் வேண்டியதில்லை என்பதைப் பிள்ளையே கண்டறிந்து மகிழும். வெட்டிய பட்டையை எறிந்துவிடாதீர்கள், அதற்கும் வேலையுண்டு.

மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு மடிப்பே போதும்: விளிம்போடு விளிம்பு பொருந்தினால் அது ஒரு புத்தகம். நான்கு வயதில் மூலையோடு மூலை சேர்த்து முக்கோணத் தொப்பி செய்யலாம். கப்பலுக்கு ஐந்து, ஆறு வயதாவது ஆகட்டும். கற்பிப்பவர் பிள்ளைக்கு எதிரே அமரலாகாது. எதிரே இருந்தால் அவருடைய வலம் பிள்ளைக்கு இடமாகத் தோன்றி மயக்கம் விளைவிக்கும். பக்கத்தில் அமர்ந்து, தமக்கென ஒரு தாளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மடிப்பையும் பெருவிரல் நகத்தால் அழுத்திக் காட்ட வேண்டும். பிள்ளையின் மடிப்புக் கோணலாக அமைந்தால் அதன் கையிலுள்ள தாளைப் பறித்துத் திருத்துவது தாய்மாருக்கு இயல்பு. அதனை அடக்கிக்கொள்வதே இக்கலையில் மூத்தோர் கற்கவேண்டிய பாடம். கோணற் கப்பலும் மிதக்கும். மெழுகுதிரியை அதன் அடியில் நன்றாகத் தேய்த்துவிட்டால் பரவைக்கடலின் ஓரத்து ஆழமில்லா நீரில் சற்று நேரம் கூடுதலாகவே மிதக்கும்.

ஓலைக்குச் செல்லும்போது வேறொரு பாடம் காத்திருக்கின்றது. கடதாசியை எத்திசையிலும் மடிக்கலாம். ஓலை அவ்வாறு இணங்காது. நரம்பு ஓடும் வழியே அது எளிதாகக் கிழியும்; குறுக்கே வலிமையோடு வளைத்தால் முறியும். எனவே ஓலையைக் கையாளும் பிள்ளை முதலில் அதன் போக்கைத் தடவி அறிகிறது. கடதாசி கோணத்தைக் கற்பிக்க, ஓலை பொறுமையையும், ஒன்றின்மேல் ஒன்றாகவும் கீழாகவும் செலுத்தும் பின்னல் ஒழுங்கையும் கற்பிக்கின்றது.

இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்றுண்டு. முன்னர் வெட்டிய கடதாசிப் பட்டையில் சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, சுருக்கம் விழாமல் மெல்ல இறுக்கித் தட்டையாக்குங்கள். பக்கங்கள் ஐந்தும் சமமான ஐங்கோணம் உண்டாகும். நீண்டுநிற்கும் முனைகளுள் ஒன்றைப் பின்புறமாக மடித்து வெளிச்சத்திற் பிடித்தால், உள்ளே ஐந்து முனை விண்மீன் தெரியும். அதே முடிச்சை, ஒரே அகலமாக வார்ந்த குருத்தோலைச் சாரிலும் போடலாம். ஓலை ஒளியை விடாதாகையால் விண்மீன் தெரியாது. ஐங்கோணம் மட்டும் அழகாக அமையும். பிள்ளைகள் இதனை மாலையாகக் கோத்து வாயிலிற் கட்டுவார்கள்.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குச் சமபக்க முக்கோணமும் சொல்லித் தரலாம். சதுரத்தை நெடுக்கே இரண்டாக மடித்து விரித்து நடுக்கோடு காண்க. கீழ்மூலைகளுள் ஒன்றை அசையாது பிடித்துக்கொண்டு, மற்றதைத் தூக்கி நடுக்கோட்டின்மேற் படும்படி வைத்துப் புள்ளியிடுக. அப்புள்ளியை இரு கீழ்மூலைகளோடும் மடிப்பால் இணைத்தால் முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் ஒரே நீளமாக இருக்கும். ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு, தூக்கிய பக்கமும் அடிப்பக்கமும் ஒரே தாள் விளிம்புதானே என்று சொன்னால் போதும்.

பட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதாக எவரும் குறைகூற வேண்டா. வல்வெட்டித்துறையிலே பொங்கலன்று ஏற்றப்படும் பட்டங்களின் அழகை நாடறியும். ஆனால் அது வாடைக் காற்றின் விளையாட்டு. மூங்கிலும் நூலும் மூத்தோர் துணையும் வேண்டுவது. சோளகம் வீசும் மாதங்களுக்கு ஏற்றது காற்றாடி. கடதாசிச் சதுரத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் நடுவை நோக்கிப் பாதிக்குமேல் வெட்டி, ஒன்றுவிட்டு ஒரு முனையாக நான்கை நடுவிற்கு வளைத்து ஊசியாற் குத்தினால் அது சுழலும். ஓலைக் காற்றாடிக்கோ வெட்டே வேண்டாம். இரண்டு துண்டுகளை மடித்து ஒன்றினுள் ஒன்றைச் செருகி, நாற்புறமும் இதழ் நீள இறுக்கி, நடுவே முள்ளொன்றைப் புகுத்தி ஈர்க்கிலோ பூவரசந் தடியிலோ பொருத்துவர். மண்டைதீவுக் கரையில் வீசும் காற்றுக்குக் கடதாசிக் காற்றாடி அரைநாளிற் கிழிந்துவிடும். ஓலைக் காற்றாடி தாங்கும்.

ஓலையைத் தெரிவதிற் கவனம் தேவை. மட்டையின் இரு ஓரத்துக் கருக்கும் வாளின் பல்லைப்போற் கிழிக்குமாகையால், மட்டையிலிருந்து ஓலையைப் பிரிப்பதும் ஈர்க்கை நீக்குவதும் மூத்தோர் வேலை. குருத்தோலையே மென்மையானது, ஆயினும் ஒரு மரத்தின் குருத்தை அடிக்கடி வெட்டினால் மரம் நலிவுறும். பெட்டி, கடகம் பின்னுவோர் வார்ந்து ஒதுக்கிய துண்டுகளைக் கேட்டு வாங்கினால் சிறுவர் வேலைக்குப் போதுமானது கிடைக்கும். நிழலில் உலர்த்தி வைத்து, எடுக்கும் நாளின் காலையில் நீர் தெளித்து ஈரச்சீலையாற் சுற்றிவைத்தால், பிற்பகலில் அது முறியாமல் வளையும். வாங்கச் செல்லும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பின்னிக்கொண்டிருக்கும் ஆச்சி அதன் கையைப் பிடித்து இரண்டு சார்களை மடித்துக் காட்டாமல் அனுப்பமாட்டார்.