ஓ.டி.பி. வரலையா? டென்ஷன் ஆகாதீங்க!

ஏற்காட்டுக்குக் கிளம்பும்போது ஸ்வெட்டர் எடுத்து வைப்பீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளை நினைத்து வாந்தி மாத்திரையும் வாங்கி வைப்பீர்கள். ஆனால், செல்போனில் இருக்கிற மருத்துவ 'ஆப்' வேலை செய்கிறதா என்று பார்த்தீர்களா? அப்பாவுக்கு பிரஷர், அம்மாவுக்கு சுகர் என்று இருக்கும் வீடுகளில் இப்போது டாக்டர் சீட்டு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் போனுக்குள்தான். மலைமேல் போய் அவசரத்துக்குத் திறந்தால், 'மீண்டும் லாகின் செய்யவும்' என்று நிற்கும். நம்பரைக் கொடுத்தால் ஓ.டி.பி. வராது!

"வைஃபை ஃபுல்லா இருக்கே, அப்புறம் ஏங்க வரலை?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆப் திறப்பது இன்டர்நெட்டில், ஓ.டி.பி. வருவது பெரும்பாலும் செல்போன் டவர் வழியே வரும் குறுஞ்செய்தியாக. இரண்டும் வேறு வேறு பாதை. ஏற்காடு ஊருக்குள் சிக்னல் கிடைக்கும். ஆனால், காப்பித் தோட்டத்துக்குள், சரிவின் மறுபக்கம் இருக்கும் விடுதியில் உங்களுக்கும் டவருக்கும் நடுவே சேர்வராயன் மலையே நிற்கிறதே! அங்கே விடுதி வைஃபையில் படம்கூடப் பார்க்கலாம், ஆறு இலக்க நம்பர் மட்டும் வந்து சேராது. மேடான, வெட்டவெளியான இடத்துக்கு நாலு எட்டு நடந்து போய், 'ஃப்ளைட் மோட்' போட்டு எடுத்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

வரவில்லையே என்று 'மீண்டும் அனுப்பு' பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்காதீங்க. பெரும்பாலான ஆப்களில் இரண்டாவது நம்பர் கிளம்பியதும் முதலாவது செல்லாததாகிவிடும். மலையில் தாமதமாக வரும் செய்திகள் முன்பின்னாகவும் வரும். பழைய நம்பரைப் போட்டு, 'தவறு' என்று வர, மறுபடி போட... கடைசியில் ஆப் கொஞ்ச நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும். 2021 ஏப்ரல் 28 ஞாபகம் இருக்கிறதா? 18 வயது தாண்டியவர்களுக்கு கோவின் தளத்தில் தடுப்பூசிப் பதிவு திறந்த நாள். ஒரே நாளில் ஒரு கோடிக்கும் மேல் பதிவுகள். ஓ.டி.பி. வராமல் தவித்தவர்கள் ஏராளம். அங்கே நம்பரின் ஆயுளே 180 விநாடிதான்!

அடுத்த தொல்லை, புதிதாகப் பதிவு செய்வதில். 2021 செப்டம்பரில் நாடு முழுக்க அறிமுகமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஆளுக்கு ஒரு 14 இலக்க 'ஆபா' எண் தருகிறார்கள். ஆதார் மூலம் பதிவு செய்தால், ஆதாரோடு இணைத்த மொபைலுக்குத்தான் ஓ.டி.பி. போகும். பல வீடுகளில் தாத்தாவின் ஆதாரில் இருப்பது, என்றோ தூக்கிப்போட்ட சிம்மின் நம்பர். அல்லது வெளிநாட்டில் இருக்கும் பேரனின் நம்பர். அங்கே அப்போது நடுராத்திரி! ஆதார் மையத்தில் ஒருமுறை நம்பரை மாற்றிவிட்டால் தீர்ந்தது. சந்தேகம் இருந்தால் 1947-க்குப் போன் போடலாம்.

பெயரிலும் சிக்கல் வரும். ஆதாரில் இனிஷியல் பின்னால், ஆஸ்பத்திரி சீட்டில் முன்னால். வயதானவர்கள் சிலருக்கு ஆதாரில் பிறந்த வருடம் மட்டும்தான் இருக்கும். நமக்கு அதே ஆள்தான்; கம்ப்யூட்டருக்கு வேறு ஆள். ஆதாரில் உள்ளபடியே எங்கும் கொடுங்கள். 'ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்று வந்தால் புதுசாக இன்னொன்று தொடங்காதீர்கள். ரிப்போர்ட்கள் இரண்டு இடத்தில் சிதறிவிடும். பழைய கணக்கை மீட்கும் வழியிலேயே போங்கள்.

இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்தாலும் சில ஆப்கள் 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்று மட்டும் சொல்லும். என்ன தவறு என்று சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்? சுற்றுலா போகிற நமக்கு இது இரண்டு நாள் எரிச்சல். சிக்னல் எட்டாத மலைக் கிராமத்தில் குடியிருப்பவர்களுக்கு வருஷம் முழுக்க.

ஆகவே, சேலத்திலேயே, அடிவாரம் தாண்டும் முன்பே லாகின் செய்துவிடுங்கள். வெளியேறும் பொத்தானைத் தொடாதீர்கள். மருந்துச் சீட்டை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்; பிரிண்ட் இருந்தால் இன்னும் நல்லது. ஆபா எண் இல்லை என்பதற்காக எந்த ஆஸ்பத்திரியும் வைத்தியத்தை மறுக்கக் கூடாது. அது கட்டாயமே இல்லை.

லாகின் ஆகவில்லை என்று இணையத்தில் 'கஸ்டமர் கேர்' நம்பர் தேடுகிறவர்களை எதிர்பார்த்தே ஒரு கூட்டம் காத்திருக்கிறது. "ஓ.டி.பி.யைச் சொல்லுங்க சார், நான் சரி பண்ணித் தர்றேன்" என்றால் உடனே போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930. சின்னச் சின்ன உடல்நல சந்தேகத்துக்கு 104. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் ஆப் பக்கமே போகாதீர்கள், நேராக 108. அதற்கு லாகினும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம்.