அடியைத் திருப்பிப் பாருங்கள்!

நம்மில் சிலர் தபால்தலை சேர்க்கிறோம். சிலர் பழைய காசு சேர்க்கிறோம். உலகத்தில் தட்டு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், தெரியுமா? சும்மா தட்டு இல்லை. பல நூறு வருஷங்களுக்கு முன் சீனாவில் செய்த, வெள்ளையில் நீலப் படம் போட்ட பீங்கான் தட்டு. 'ஒரு தட்டுக்குப் போய் இவ்வளவு மதிப்பா?' என்று கேட்பீர்கள். நான் படித்ததைச் சொல்கிறேன்.

எப்படிச் செய்தார்கள்?

சீனாவில் ஜியாங்சி மாகாணத்தில் ஜிங்தெசென் என்று ஓர் ஊர். பீங்கானுக்கே பேர் போனது. காயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணோடு ஒருவகைக் கல்லின் பொடியைச் சேர்த்துப் பிசைந்து தட்டு செய்வார்கள். காய்ந்ததும் கோபால்ட் தாதுவைக் குழைத்து பூ, மீன், டிராகன் என்று தூரிகையால் வரைவார்கள். அப்போது அது நீலமாகவே இருக்காது; கறுத்து மங்கலாக இருக்கும்! மேலே கண்ணாடி போன்ற பூச்சு கொடுத்து, சுமார் 1300 டிகிரி செல்சியஸ் சூட்டில் சூளையில் சுடுவார்கள். வெளியே எடுத்தால் பளீரென்று நீலம்! படம் பூச்சுக்கு அடியில் இருப்பதால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. ஆரம்ப காலத்தில் இந்தக் கோபால்ட் பாரசீகத்திலிருந்து, அதாவது இன்றைய ஈரானிலிருந்து வந்தது.

வயது தெரிவது எப்படி?

சேர்ப்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. தட்டின் அடியில் பேரரசர் பெயரை எழுதும் வழக்கம் உண்டு. ஆனால் அதை அப்படியே நம்ப முடியாது. காங்சி பேரரசர் காலத்தில் (1662-1722) செய்த பல பாத்திரங்களில், அதற்கு 200 வருஷம் முந்தைய செங்ஹுவா பேரரசரின் பெயர் இருக்கிறது! முன்னோர் மேல் வைத்த மரியாதைக்காக எழுதியதும் உண்டு. ஏமாற்ற எழுதியதும் உண்டு.

அப்படியானால் எதை நம்புவது? நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பம்பாயில் 1892-ல் பிறந்தவர் சர் பெர்சிவல் டேவிட். பிரிந்து வேறு வேறு கைகளில் இருந்த ஒரு ஜோடி ஜாடிகளை வாங்கி ஒன்று சேர்த்தார். ஒரு கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்த விவரம் அவற்றின் கழுத்தில் தேதியோடு எழுதியிருக்கிறது. ஆண்டு 1351! 1950-களில் ஜான் போப் என்ற அமெரிக்க அறிஞர், இஸ்தான்புல் டோப்காபி அரண்மனையிலும், ஈரானின் அர்தபில் தர்கா சேகரிப்பிலும் இருந்த தேதி இல்லாத பெரிய தட்டுகளை இந்த ஜாடிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அதே மாதிரி அலை, அதே மாதிரி பூ, இலை. அந்தத் தட்டுகளுக்கும் வயது தெரிந்துவிட்டது! ஜாடிகள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

35 டாலர் கிண்ணம்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒருவர், வீட்டு வாசலில் பரப்பி விற்ற பழைய சாமான்களில் ஒரு சின்னக் கிண்ணத்தை 35 டாலருக்கு வாங்கினார். பிறகு நிபுணர்களிடம் காட்டினார். நீலத்தின் சாயல், வரைந்த விதம், வடிவம், பட்டு போன்ற வழவழப்பு ஆகியவற்றைப் பார்த்து, அது 15-ஆம் நூற்றாண்டுக் கிண்ணம் என்றார்கள். 2021 மார்ச்சில் நியூயார்க்கில் அது ஏலம் போனது. விலை 7,21,800 டாலர்! விற்றவருக்கு அது வெறும் கிண்ணம். உற்றுப் பார்த்தவர்களுக்கு அது சரித்திரம்.

ஆகவே நண்பர்களே, சேகரிப்பது என்றால் காசு கொடுத்து அலமாரியில் அடுக்குவது மட்டும் இல்லை. பார்க்கணும், ஒப்பிடணும், சந்தேகப்படணும். அந்த ஜாடியின் எழுத்தை யாராவது தேய்த்து அழித்திருந்தால், அத்தனை தட்டுகளும் வயது சொல்லாமலே இருந்திருக்கும். நம் வீட்டுப் பழைய பாத்திரத்தை எடைக்குப் போடும் முன்பு, அதில் பேரோ வருஷமோ வெட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். இருந்தால், அது யார் கொடுத்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள்!