பழம் படங்களும் புது வண்ணமும்

ஒரு கல்லூரியின் வரலாறு ஏட்டில் மாத்திரம் வாழ்வதன்று. மண்டபச் சுவரில் தொங்கும் கறுப்பு வெள்ளைப் படங்களிலும் வாழ்கின்றது. விழாக்காலம் வந்ததும் அப்படங்களுக்கு வண்ணமூட்டிப் பார்க்கும் ஆவல் பழைய மாணவரிடத்தே எழுவது இயல்பே. முன்னர்த் தூரிகை வல்லார் பல நாள் முயன்று செய்த தொழிலைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று சில விநாடிகளிற் செய்துவிடுகின்றன. ஆயினும், அவை தரும் வண்ணம் மெய் வண்ணந்தானா என்பது ஆராயற்பாலது.

கறுப்பு வெள்ளைப் படத்துள் நிறம் மறைந்து கிடப்பதாகப் பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. படத்தகட்டிலிருந்த வெள்ளியுப்பு ஒளியின் மிகுதி குறைவையே பதிந்தது, நிறம் பதிவாகவேயில்லை. செம்பட்டும் பச்சைப்பட்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றுதல் கூடும். கருவியோ எண்ணிறந்த வண்ணப் படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. 2016 இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தார் வெளியிட்ட முறைக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் பயன்பட்டன. பழம் படத்தின் ஒளி நிழலை அவ்வாறே வைத்துக்கொண்டு, இத்தகைய உருவத்துக்கு இந்நிறமே பெரும்பாலும் பொருந்தும் எனக் கணித்து அதன்மேல் ஏற்றுவதே கருவியின் தொழில். புல்லுக்குப் பச்சை எளிதிற் கிடைக்கும். வேட்டிக் கரைக்கும், நடுவில் வீற்றிருக்கும் அதிபரின் சால்வைக்கும் கிடைப்பது ஊகமே.

இதனினும் நுண்ணிய தடை ஒன்றுண்டு. பழைய படத்தகடுகள் நீல ஒளியை மிகுதியாக உணர்ந்தன. சிவப்பைப் பெரும்பாலும் உணர்ந்தில. எல்லா நிறங்களையும் உணரும் பன்குரோமற்றிக் தகடுகள் 1906 இல் விற்பனைக்கு வந்தனவாயினும், அவை பொதுவழக்காதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. ஆதலின், பழைய தகட்டிற் பிடித்த படங்களிலே குங்குமப் பொட்டுக் கரும்புள்ளியாகும், செங்கரை கருங்கரையாகும், நீலக் கொடி வெளிறி வெண்கொடியை ஒக்கும், வெயிலிற் பழுத்த நம்மவர் மேனியும் உள்ளதினும் கருமையாகத் தோன்றும். தகட்டின் இயல்பை அறியாத கருவி இவையனைத்தையும் மெய்யெனக் கொண்டு நிறமூட்டும்.

நமக்கு இஃது அழகு பற்றிய வினா மாத்திரமன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரை விட்டு வெளியேறியபோது, எத்தனையோ இல்லங்களின் படத்தொகுப்புகள் அங்கேயே கைவிடப்பட்டன. எஞ்சிய ஒரு படமே பலவிடத்துத் தனிச்சான்றாக நிற்கின்றது. அதனை ஊகத்தால் நிரப்பிவிட்டால், ஒத்துப்பார்ப்பதற்கு வேறொன்றில்லை. பேரப்பிள்ளைகள் அவ்வூகத்தையே வரலாறென்பர். 2021 இல், கம்போடியாவின் துவோல் சிலெங் சிறையில் அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டோரின் படங்களுக்கு ஒருவர் வண்ணமூட்டியபோது, சிலர் முகத்திற் புன்னகையையும் புகுத்தினார். அந்நாட்டு அரசு கண்டித்தபின்பே வெளியிட்ட இதழ் அவற்றை நீக்கியது. வண்ணத்தோடு பொய்யும் புகுதல் இத்துணை எளிது.

இவ்விடத்து நமக்கு வழிகாட்டுவோர் நம் பதிப்பாசிரியர்களே. 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோர் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினர். நல்ல பதிப்பாசிரியர் ஏடு முரிந்த இடத்திற் புள்ளியிட்டு விடுவாரன்றித் தம் சொல்லை மூலம்போற் புகுத்தார். படத்துக்கும் அம்முறையே ஏற்றது.

முதலாவதாக, மூலப்படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் குறையாமல் வருடிப் பதிந்து, அப்பதிவிற் கைவையாது காத்தல் வேண்டும், வண்ணமூட்டுவது பிரதியொன்றிலேயே. இரண்டாவதாக, முகத்தைத் தெளிவாக்கும் வசதியை நிறுத்திவிடுக. அது மங்கிய முகத்தைத் துலக்குவதன்று, புதுமுகம் வரைவதாம். மூன்றாவதாக, பெட்டியடியிற் கிடக்கும் பழைய கழுத்துப்பட்டி, கொடி, கூறைச் சேலை ஆகியவற்றைத் தேடி, அவற்றோடு ஒப்பிட்டுக் கருவியின் நிறத்தைக் கையாற் திருத்துக. துணியும் காலத்தால் வெளிறுமாதலின், மடிப்பின் உட்புறத்தைப் பார்த்தலே தக்கது. நான்காவதாக, கண்டறிந்த முதியோரைக் கேட்டு, சொன்னவர் பெயரையும் நாளையும் எழுதி வைக்குக. நினைவும் வழுவுமாதலின், தனித்தனியே வினவிய இருவர் ஒத்துரைப்பதையே கொள்க. அறியவியலாத இடத்தைச் சாம்பல் நிறமாகவே விடுதல் இழுக்கன்று. ஈற்றில், மூலத்தையும் வண்ணப்படத்தையும் அருகருகே அச்சிட்டு, எந்நிறம் சான்றுடையது, எந்நிறம் ஊகம் என்பதை அடியிற் குறித்தல் வேண்டும்.

1950 களில் எடுத்த வகுப்புப் படங்களில் முன்வரிசையில் நிலத்தில் அமர்ந்திருந்த சிறுவர் இன்று எண்பதை அண்மியவரும் கடந்தவருமாவர். கருவி நாளுக்கு நாள் திருந்தும். அதற்காகப் படம் காத்திருக்கும். அவர்கள் நினைவு காத்திராது. ஆதலின், மாணவர்காள், கணினியைத் திறக்குமுன் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு, உங்கள் ஊரிலுள்ள பழைய மாணவர் ஒருவர் வீட்டுப் படலையைத் திறப்பீர்களாக.