ஆய்வகச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி

தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் உள்ளன. இணையவழித் தேர்வு, வினாடி வினா, மணற்கேணிக் காணொலி, உயர்கல்விக்கான விண்ணப்பம் என்று பல வேலைகள் அந்த அறைக்குள்தான் நடக்கின்றன. அங்குள்ள கணினிகளும் திரையும் நமக்குப் பழகிவிட்டன. ஆனால் சுவரில் தலைக்கு மேலே, கண்ணாடிக் கதவு போட்ட கறுப்பு இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறதே, அதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அதன் பெயர் ரேக். அறையிலுள்ள எல்லாக் கணினிகளின் வயர்களும் அதனுள் இருக்கும் நெட்வொர்க் சுவிட்சில்தான் வந்து சேர்கின்றன.

பழைய கருவியை எடுத்துப் புதியதை மாட்டுவதற்கு ஆட்கள் வரும்போது, தலைமையாசிரியரோ ஆய்வகப் பொறுப்பாசிரியரோ வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. வருபவர்கள் ஒரே நாளில் இரண்டு மூன்று பள்ளிகளை முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். அவர்களும் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள்தான். அந்த வேலையை நாம் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் கூடாது. ஆனால் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சுவிட்ச் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இதற்கு முன் ஹப் என்று ஒரு கருவி இருந்தது. அது தண்டோரா போடுகிறவரைப் போல, ஒரு கணினி அனுப்பும் தகவலை எல்லாக் கணினிகளுக்கும் சொல்லிவிடும். சுவிட்ச் தபால்காரரைப் போல. எந்த வாயிலில் எந்தக் கணினி இருக்கிறது என்ற பட்டியலைத் தானே தயாரித்துக்கொண்டு, உரிய வாயிலுக்கு மட்டும் தகவலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பல வாயில்கள் கொண்ட முதல் ஈதர்நெட் சுவிட்சை 1990-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் ‘கல்பனா’. அதை நிறுவியவர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ். 1994-ல் சிஸ்கோ நிறுவனம் அதை வாங்கியது. வகுப்பில் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

இனி ரேக். உலகில் எங்கு தயாரானாலும் இதன் அளவு ஒன்றுதான். மாட்டப்படும் கருவியின் முகப்பு அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மில்லிமீட்டர். உயரத்தை ‘யூ’ என்ற அலகால் அளப்பார்கள். 1 யூ என்பது 44.45 மில்லிமீட்டர். நம் ஆய்வகங்களுக்கு 6 யூ அல்லது 9 யூ ரேக் போதுமானது. 9 யூ ரேக் காலியாகவே பத்துக் கிலோவைத் தாண்டும். சுவிட்ச், பேட்ச் பேனல், மின்இணைப்புப் பட்டை, வயர்களின் பாரம் எல்லாம் அதற்கு மேல்.

எனவே முதல் கேள்வி சுவரைப் பற்றியது. திண்டுக்கல் வட்டாரத்தில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய பழைய வகுப்பறைகளும் உண்டு, உள்ளீடற்ற சிமெண்ட் கல்லில் எழுப்பிய புதிய அறைகளும் உண்டு. இரண்டிலுமே சாதாரண பிளாஸ்டிக் பிளக்கும் மரத்திருகும் அந்தப் பாரத்தைத் தாங்காது. மாட்டிய அன்று நன்றாகத்தான் நிற்கும். மழைக்காலத்தில் சுவர் ஈரம் குடித்து, மேல்பூச்சு இளகி, ஒரு நாள் இரும்புப் பெட்டி சாயும். கீழே கணினி முன்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். கெட்டியான செங்கல் அல்லது கான்கிரீட் பகுதியில், இரும்பு ஆங்கர் போல்ட் போட்டு நான்கு மூலையிலும் இறுக்கச் சொல்ல வேண்டும். துளையிடும்போது செந்தூள் தொடர்ந்து வந்தால் செங்கல் என்று அறியலாம். வெள்ளைத் தூளாகக் கொட்டி, ட்ரில் திடீரென்று உள்ளே வழுக்கிப் போனால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். மாணவர்களின் இருக்கைக்கு நேர் மேலே ரேக் வேண்டாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடலாம். பிறகு சொன்னால் ‘வயர் அளவாக வெட்டியாச்சு சார்’ என்பார்கள்.

யுபிஎஸ்ஸை ஒருபோதும் சுவர் ரேக்குக்குள் வைக்கக் கூடாது. அதன் பேட்டரியின் கனத்துக்குத் தரைதான் சரி. சில பள்ளிகளில் தரையில் நிற்கும் உயரமான ரேக் இருக்கும். அதில் கனமானதைக் கீழேயும் லேசானதை மேலேயும் வைத்து, கீழிருந்து மேலாக அடுக்க வேண்டும். ஒரே ஒரு கருவிதான் என்றால் அதுவும் கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும். மேலே பாரம் ஏறினால், ஒரு மாணவன் கதவைப் பிடித்து இழுத்தாலே ரேக் முன்னால் கவிழும்.

சுவிட்சை மாட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தாங்கிப் பிடிக்க, மற்றவர் திருக வேண்டும். இந்த இடத்தில்தான் நம்மில் பலருக்கு ஒரு பழக்கம்: ‘தம்பி, கொஞ்சம் வந்து பிடி’ என்று பிளஸ் டூ மாணவனைக் கூப்பிடுவது. ஏணியில் ஏற்றுவதும் உண்டு. அவனும் பெருமையாக ஏறுவான். கூடாது. எத்தனை சின்ன உதவியானாலும், ஏணி, ட்ரில், மின்சாரம் மூன்றும் இருக்கும் அறைக்குள் வேலை முடியும்வரை மாணவர்கள் வேண்டாம். இதில் சமாதானத்துக்கே இடமில்லை என்பது என் கருத்து.

சுவிட்சின் இரு பக்கமும் காது போல ஒரு இரும்புத் தகடு வரும். அதைப் பொருத்துவதற்குப் பெட்டியோடு வந்த திருகுகளையே பயன்படுத்த வேண்டும். கைக்குக் கிடைத்த நீளத் திருகைப் போட்டால் அது உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகையைத் தொட்டுவிடலாம். ரேக்கின் தூணில் சதுரத் துளைகள் இருக்கும். அவற்றில் கூண்டு நட் எனப்படும் சிறு எஃகு நட்டை அழுத்திப் பொருத்துவார்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அது தெறித்து விரலைக் கிழிக்கும், இதற்கென்றே ஒரு சிறு கொக்கி உண்டு. ஒவ்வொரு யூ-வுக்கும் மூன்று துளைகள். துளைகளுக்கு இடையே உள்ள தூரம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. இடது தூணில் ஒரு துளை மேலேயும் வலது தூணில் ஒரு துளை கீழேயும் நட் போட்டுவிட்டால், கருவியை வளைத்துத்தான் மாட்ட முடியும். கீழ்த் திருகை முதலில் போட்டு, மேல்திருகைப் பிறகு போட்டு, எல்லாம் உட்கார்ந்த பின்பே இறுக்க வேண்டும்.

வேலை செய்பவர் மோதிரம், கைச்செயின், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். எட்டிப் பார்க்கும் நமக்கும் அதே விதிதான். சுழலும் ட்ரில்லுக்கு அடையாள அட்டை யாருடையது என்று தெரியாது.

அடுத்தது எர்த். இதுதான் முக்கியம், அதிகம் தவறுவதும் இதுதான். ‘ரேக்கைத் தொட்டால் லேசாகச் சுரீர்னுது சார், பழகிடுச்சு’ என்று சில பள்ளிகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் அல்ல அது. சுவிட்ச், கணினி போன்றவற்றின் மின்வழங்கிக்குள், மின்இரைச்சலை வடிகட்டச் சிறு மின்தேக்கிகள் இருக்கும். அவை வழியாக மிகச் சிறிதளவு மின்னோட்டம் உலோகப் பெட்டிக்குக் கசியும். எர்த் இணைப்பு சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டி, 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். மின்னோட்டம் சிறியதாக இருப்பதால் சுரீர் என்பதோடு நிற்கிறது. ஆனால் அந்தச் சுரீர் சொல்லும் செய்தி, எர்த் இல்லை என்பது. நாளை உள்ளே ஒரு வயர் உரிந்து பெட்டியைத் தொட்டால் தடுக்க எதுவும் இல்லை. நம் ஆய்வகங்களில் பிள்ளைகள் காலணியை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு வருகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள்.

மூன்று முனை பிளக்கில் எர்த் முனை மட்டும் ஏன் நீளம் என்று பத்தாம் வகுப்பில் கேட்போம் அல்லவா? செருகும்போது முதலில் தொட வேண்டும், உருவும்போது கடைசியில் விலக வேண்டும். ரேக்கின் பச்சை எர்த் வயருக்கும் இதே விதிதான். மற்ற எதற்கும் முன் அதை இணைக்க வேண்டும். கழற்றும்போது அதுதான் கடைசி. கதவு தனி இரும்பு என்பதால், கதவுக்கும் உடலுக்கும் இடையே ஒரு சிறு எர்த் வயர் இருக்க வேண்டும்.

பச்சை வயர் இருந்தால் மட்டும் போதாது, அது போய்ச் சேரும் குழியும் உயிரோடு இருக்க வேண்டும். நம் பக்கம் பல இடங்களில் செம்மண், அதற்கடியில் பாறை. கோடை விடுமுறையில் எர்த் குழிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. மண் காய்ந்தால் அதன் மின்தடை ஏறும். புதிய கருவிகள் வந்து இறங்குவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். உரிமம் பெற்ற மின்பணியாளரை வரச் சொல்லி, நம் கண்முன்னே மல்டிமீட்டரால் மூன்று அளவுகளை எடுக்கச் சொல்லலாம். லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட். லைனுக்கும் எர்த்துக்கும் இடையேயும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. அந்த எண்களைத் தேதியோடு இருப்புப் பதிவேட்டிலேயே எழுதி வையுங்கள். ஆய்வக மின்இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்குத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தினால் இணைப்பு உடனே விழ வேண்டும். கணினிகளை அணைத்த பிறகு அழுத்துங்கள்.

இடி இடிக்கும்போது வேலையை நிறுத்திவிட வேண்டும். சித்திரையில் வரும் கோடை மழையும் ஐப்பசி மழையும் நம் ஊரில் இடியோடுதான் வருகின்றன. ஆய்வகத்திலிருந்து அலுவலகக் கட்டடத்துக்கு மரத்தின் மேலாகச் செம்பு நெட்வொர்க் வயரை இழுத்திருந்தால், பக்கத்தில் விழும் மின்னலின் தாக்கம் அந்த வழியாக இரு கட்டடக் கருவிகளுக்கும் வரும். கட்டடத்துக்குக் கட்டடம் போகும் இணைப்பு ஃபைபராக இருப்பதே நல்லது. கண்ணாடியில் மின்சாரம் ஓடாது.

ஃபைபருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது. ஒளி வருகிறதா என்று முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கக் கூடாது, மூடியைப் போட்டு வைக்க வேண்டும். வெட்டிய ஃபைபர்த் துணுக்கு ஏறத்தாழத் தலைமுடி போல மெல்லிய கண்ணாடி ஊசி. தரையில் விழுந்தால் துடைப்பத்துக்கு அகப்படாது, வெறுங்காலில் ஏறும். ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, பாட்டிலில் போட்டு மூடச் சொல்லுங்கள்.

வெப்பம் பற்றிக் கொஞ்சம். பல சுவிட்சுகள் 40 அல்லது 45 டிகிரி செல்சியஸ் வரைதான் வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டவை. மே மாதத் திண்டுக்கல்லில், பூட்டிய அறையின் பூட்டிய ரேக்குக்குள் அந்த அளவை எட்டுவது எளிது. காற்றுத் துளைகளை வயரால் அடைக்கக் கூடாது. மேலே உள்ள மின்விசிறி சுற்ற வேண்டும். பயன்படாத வயர்த் துளைகளை மட்டும் மூடிவிடலாம், இல்லாவிட்டால் பல்லியும் குளவியும் குடிவரும்.

எல்லாம் சரியாக மாட்டிய பிறகும் ஒரு தொல்லை வரும். பெருக்க வரும் அம்மா தொங்கும் வயர் ஒன்றைப் பார்த்து, பாவம் கழன்றுவிட்டது என்று காலியாக உள்ள வாயிலில் செருகுவார். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில் இருந்தால் வளையம் உருவாகிவிடும். எல்லோருக்குமான ஒரு தகவல் அந்த வளையத்தில் முடிவில்லாமல் சுற்றிப் பெருகும். சில நொடிகளில் அறை முழுவதும் இணைப்பு போய்விடும், எல்லா விளக்குகளும் ஒன்றாக வெறி பிடித்ததுபோல் மினுங்கும். தேர்வு நாளில் இது நடந்தால் இணையம் போய்விட்டது என்றே நினைப்போம். இரு முனையிலும் எண் ஒட்டிய வயர்களும், மூடி போட்ட காலி வாயில்களும் இருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

கடைசியாகப் பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு நம் ஊருடையது. ஆனால் ரேக்கோடு வரும் பூட்டு அந்த ரகம் அல்ல. ஒரு சாவி பக்கத்துப் பள்ளி ரேக்கையும் திறக்கக்கூடும். இருந்தாலும் பூட்டியே வைக்க வேண்டும். ஒரு சாவி பொறுப்பாசிரியரிடமும் மற்றொன்று தலைமையாசிரியர் அறையிலும் இருக்கட்டும், ரேக்கின் மேலேயே வேண்டாம். மின்இணைப்பைத் துண்டிக்கும் பிரதான சுவிட்ச் எது என்பதைச் சிவப்பு மையில் எழுதி, ரேக்குக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படும் உயரத்தில் ஒட்டி வையுங்கள்.