கூடத்து மேசையும் கூலிக்காரன் கண்ணும்

சேலத்தில் வெள்ளி வியாபாரி ஒருவரின் இல்லத்துக்கு அண்மையில் சென்றிருந்தோம். விருந்துக்கல்ல, கூலி உயர்வு பற்றிப் பேச. கொலுசுப் பட்டறைத் தோழர்கள் இருவர் உடன் வந்தனர். “ஐயா பூசையில் இருக்கிறார், உட்காருங்கள்” என்றனர். உட்கார்ந்தோம். அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று, பூசை முடியவில்லை.

கூடத்தின் நடுவே ஒரு கண்ணாடி மேசை. அதன்மேல் ஒரு புத்தகம். புத்தகமா அது! ஒரு முழ நீளம். இரு கையாலும் தூக்க வேண்டிய கனம். முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. தமிழ்நாட்டுக் கோயிற் கலையைப் பற்றிய நூல். எழுத்து முழுவதும் ஆங்கிலம். அதன் தலைமீது ஒரு பூச்சாடியை வைத்திருந்தனர்!

தோழர்களில் மூத்தவர், முப்பதாண்டு காலம் கண்ணி கோத்துக் கோத்து விரல் காய்த்தவர், அந்தப் பூச்சாடியை மெல்ல இறக்கி வைத்தார். கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஏட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் கை நின்றது. பக்கம் முழுதும் ஒரே படம். மேலிருந்து தொங்கும் கற்சங்கிலி. வளையத்துக்குள் வளையம், அத்தனையும் கல்!

“ஏனுங்க தோழர், இது கல்லுங்களா? ஒட்டு எங்கேயுமே காணோமுங்களே! நாங்க வெள்ளியிலே கண்ணியைப் பத்தவெச்சுத்தானுங்க மூடுவோம். கல்லை எப்படிப் பத்தவெச்சான்?” என்று கேட்டார்.

“பற்றவைக்கவில்லை, ஒரே பாறையைக் குடைந்து செய்தான்” என்றோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “எந்த ஊருங்க?” என்றார். கீழே சிறு எழுத்தில் இருந்ததைப் படித்துச் சொன்னோம்: தாரமங்கலம்.

“நம்ம தாரமங்கலமுங்களா?”

அவர் வீட்டிலிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர். திருவிழாக் கூட்டத்தில் இரண்டு முறை போயிருக்கிறார். கூட்டத்தைக் கண்டார், தூணைக் காணவில்லை. தம் ஊர்க் கல்லைத் தாம் காண, ஒரு செல்வர் வீட்டுக் கண்ணாடி மேசை வரை அவர் வரவேண்டியிருந்தது!

வியாபாரி வந்தார். நல்ல மனிதர்தாம். “அதுங்களா? யாரோ பரிசாகக் கொடுத்தாங்க. நான் இன்னும் பிரிச்சே பார்க்கலீங்க” என்றார். கூலி விவகாரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள், இன்னும் முடியவில்லை. அதை வேறொரு நாள் எழுதுவோம். இன்று அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம்.

இத்தகைய நூல்களுக்கு ‘காப்பி மேசைப் புத்தகம்’ என்று பெயர். வந்தவர் காப்பி அருந்தும் வரையில் புரட்டிப் பார்த்துவிட்டு வைப்பதற்கென்று மேசைமேல் கிடப்பது. 1960-இல் அமெரிக்காவில் சியரா கழகத்தார் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்சின் படங்களோடு வெளியிட்ட பெருநூலையே இந்த வகையின் முன்னோடியாகப் பலர் குறிப்பர். ஆனால் அதற்கு முன்பே, 1954-இல், ஐக்கிய நாடுகளின் கல்விப் பண்பாட்டு நிறுவனமான யுனெஸ்கோ, அசந்தா ஓவியங்களைப் பெரிய பெரிய வண்ணப் பக்கங்களாக அச்சிட்டு வெளியிட்டது. நேரு முன்னுரை எழுதினார். இன்று அரண்மனைக்கு ஒன்று, ஆடைக்கு ஒன்று, அணிகலனுக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று என்று வந்தவண்ணம் இருக்கின்றன. விலை ஆயிரங்களில்!

இதைக் கண்டு முதலில் நமக்கு எழுவது ஏளனம். பணக்காரன் வீட்டுப் பகட்டு, படிக்காத புத்தகம், பூச்சாடிக்குப் பீடம் என்று பேசிவிட்டுப் போய்விடலாம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால், தோழர்களே, கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு அந்த ஏட்டைத் தொட்டாரே நம் தோழர், அவரை எங்கே வைப்பது? அவரைப் பிடித்து நிறுத்தியது பகட்டா? இல்லை. அந்தப் புத்தகத்தில் உண்மையிலேயே ஒரு கவர்ச்சி இருக்கிறது. அதை மறுப்பது நேர்மையாகாது.

என்ன அந்தக் கவர்ச்சி? கோயில் மண்டபத்திலே இருள். தூண் உயரம், கழுத்து வலிக்கும். பின்னால் வருபவர் நெட்டித் தள்ளுவர். புத்தகத்திலோ விளக்கு வைத்து, ஏணி வைத்து எடுத்த படம். விரல் நகம்வரை தெரிகிறது. அவசரமில்லை, அடுத்தவர் இல்லை. உலகத்துக் கலையெல்லாம் படமாகி ஒருவன் மடிக்கே வருவதைப் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்திரே மால்ரோ 1947-இல் கற்பனை அருங்காட்சியகம் என்று வருணித்தார். பின்னர் அது சுவரில்லாத அருங்காட்சியகம் என்று உலகெங்கும் பேசப்பட்டது. சுவர் இல்லைதான். ஆனால் விலை என்றொரு சுவர் எழுந்து நிற்கிறதே!

அந்தச் சுவர் எப்படி எழுந்தது? அச்சுக்கூடத் தோழர்களைக் கேட்டால் சொல்வார்கள். வண்ணப்படம் என்பது நான்கே மையின் வேலை. மஞ்சள், செந்நீலம், வெளிர்நீலம், கறுப்பு. ஒரு படத்தை நான்கு தகடாகப் பிரித்து, நுண்ணிய புள்ளிகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்று அடிக்கிறார்கள். சீனக்களிமண் போன்ற பூச்சு தடவிய வழவழப்பான தாளில் அந்தப் புள்ளி கலங்காமல் நிற்கும். படம் எடுக்கும் செலவும் தகடு செய்யும் செலவும் ஆயிரம் படி அடித்தாலும் ஒன்றுதான், ஐம்பதாயிரம் அடித்தாலும் ஒன்றுதான். ஆயிரம் மட்டும் அடித்தால் அந்தச் செலவு முழுதும் ஆயிரம் பேர் தலையில் விழுகிறது. விலை ஏறுகிறது. விலை ஏறியதால் வாங்குவோர் குறைகின்றனர். வாங்குவோர் குறைவென்று மீண்டும் ஆயிரமே அடிக்கின்றனர். இதுதான் அந்தச் சுவரின் கதை!

அதே நான்கு மை, அதே இயந்திரம், சிவகாசியிலே நாட்காட்டி அடிக்கிறது. நகைக்கடையும் மளிகைக்கடையும் அதை இனாமாகத் தருகின்றன. குடிசைச் சுவரிலும் தொங்குகிறது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவின் படங்கள் (1898-இல் பிறந்து 1976-இல் மறைந்தவர் அவர்) மேசையே இல்லாத வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். எனவே, வண்ணம் ஏழைக்கு எட்டாது என்பது பொய். எட்டவைக்க எண்ணினால் எட்டும்.

சோவியத் நாடு இதழை நினைவிருக்கிறதா? 1991-இல் அந்த ஆட்சியே கலைந்தது, இதழும் போயிற்று. ஆனால் அந்த வழவழப்பான வண்ணத் தாள் குறைந்த சந்தாவில் நம் தெருவெல்லாம் வந்தது. படித்து முடித்ததும் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை ஆயிற்று. காணாத நாட்டுக் கட்டடமும் பாலமும் நம் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தின்மேல் ஓராண்டு உட்கார்ந்திருந்தன. யுனெஸ்கோவும் அந்தப் பெருநூல் வரிசையோடு நில்லாமல், பின்னர் சட்டைப்பையில் அடங்கும் சிறு பதிப்புகளாகவும் கலை நூல்களைக் கொண்டுவந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாமக்கல்லுக்கு வாருங்கள். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையை அனைவரும் அறிவர். 1888-இல் மோகனூரில் பிறந்தவர்; 1972-இல் மறைந்தவர். கவிஞரென்று நாடு அறியுமுன் தூரிகை பிடித்த ஓவியர் அவர். அதே நாமக்கல்லில் 1919-இல் பிறந்த சீனிவாசன் என்ற பிள்ளையின் கைத்திறனைக் கண்டு, சென்னை ஓவியப் பள்ளிக்குப் போ என்று வழிகாட்டியவரும் அவரே. அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் ஆனந்த விகடனில் ‘சில்பி’ ஆனார். அந்தப் பெயரைச் சூட்டியவர் ஓவியர் மாலி. கோயில் கோயிலாகச் சென்று, சிலை முன்னால் அமர்ந்து, பேனாவும் மையும் கொண்டு கோடு கோடாக வரைந்தார் சில்பி. தேவனின் எழுத்தோடு ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்று வாரந்தோறும் வெளிவந்தன அந்த ஓவியங்கள்.

எதில் வந்தன? சில அணா விலையுள்ள வார இதழில்! வழவழப்புத் தாள் இல்லை. நான்கு மை இல்லை. கறுப்பு மை ஒன்றுதான். முடிதிருத்தும் கடைப் பலகையிலும், தேநீர்க் கடை விசுப்பலகையிலும் கிடந்தது அந்த இதழ். காசில்லாதவனும் கண்டான். 1983-இல் சில்பி மறைந்தார். பல ஆண்டுகளுக்குப் பின், அதே ஓவியங்களை விகடன் பிரசுரத்தார் இரண்டு பெருநூல்களாகத் தொகுத்தனர். தொகுத்தது நன்று, இல்லையேல் பழைய தாளோடு அவையும் மக்கிப் போயிருக்கும். பெருநூலின் பயன் அது: காப்பாற்றுகிறது. வார இதழின் பயன் வேறு: கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரண்டும் வேண்டும். இன்று முன்னது இருக்கிறது, பின்னதைக் காணோம்!

கூலி கேட்கப் போனவனுக்குக் கலை எதற்கு என்று கேட்பாரும் உண்டு. நம்மவர்களிலேயே உண்டு. முதலில் வயிறு, பிறகு பார்க்கலாம் என்பர். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். அந்தக் கற்சங்கிலியைச் செய்தவன் அரசனல்லன். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலைப் பற்றிப் பேசுவோர் கெட்டி முதலிகளின் பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெருநூலிலும் படத்தின் கீழே அவர்கள் பெயர்தான் இருந்தது. உளி பிடித்தவன் பெயர்? இல்லை. படம் எடுத்தவர் பெயர் உண்டு. முன்னுரை தந்தவர் பெயர் உண்டு. கல்லை உடைத்துக் கண்ணியாக்கியவன் பெயர் இல்லை. நம் தோழர் அந்தப் படத்தைக் கண்டதும் அரசனைப் பற்றியா கேட்டார்? “எப்படிச் செய்தான்?” என்றல்லவா கேட்டார்! அந்தக் கேள்வி அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைக் கல்லின் வழியே கண்டுகொண்டான். தன் கைவேலைக்கு மதிப்பு உண்டென்று அறிந்தவன்தான் அதற்குரிய கூலியையும் தலைநிமிர்ந்து கேட்பான்.

அடுத்த ஞாயிறு, அவரும் நாமுமாகத் தாரமங்கலம் சென்றோம். சங்கிலியைக் கண்டார். சிங்கத்தின் வாய்க்குள் உருளும், வெளியே வராத கல் உருண்டையையும் விரலால் தள்ளிப் பார்த்தார். பிறகு வாலிவதைத் தூணுக்கு வந்தோம். இராமன் வில்லோடு நிற்கும் தூணருகே நின்று பார்த்தால் வாலியும் சுக்கிரீவனும் போரிடுவது தெரிகிறது. வாலியிருக்கும் தூணுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் இராமன் தெரியவில்லை! நம் தோழர் இங்கும் அங்குமாக நான்கு முறை நடந்தார். புராணத்தை நம்பியல்ல, தூணை எங்கே நட்டால் எது மறையும் என்று அளந்து வைத்த அந்தச் சிற்பியின் கணக்கை வியந்து.

எத்தனை ஆயிரம் ரூபாய்ப் புத்தகமானாலும் இதைக் காட்ட முடியாது. படம் ஒரே இடத்தில் நிற்கிறது; மனிதன் நடக்கிறான். ஆனால், அந்தப் படம் இல்லாவிட்டால் இந்த மனிதன் நடந்தே இருக்கமாட்டான். இதுதான் நாம் கண்ட உண்மை. புத்தகம் முடிவல்ல, அழைப்பு. அந்த அழைப்பிதழ் யார் வீட்டுக்குப் போகிறது என்பதே கேள்வி.

நம் வீட்டுக்கும் வரவேண்டும் என்கிறோம். இரந்து கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறோம். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதல் வந்த நூலகச் சட்டம் நம்முடையது. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி வாங்குகிறார்கள். இளம்பிள்ளைத் தறிக்காரரும் தருகிறார். இராசிபுரம் நெசவாளியும் தருகிறார். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் தச்சரும் தருகிறார். அந்தக் காசில் விலையுயர்ந்த கலை நூல் வாங்கினால், அது எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கண்ணாடி அலமாரிக்குள், பூட்டோடு! செல்வர் வீட்டிலாவது மேசைமேல் இருந்தது. தோழர் தொட முடிந்தது.

அலமாரியைத் திறவுங்கள். படிப்பறையின் நடுவே ஒரு மேசை போடுங்கள். நூலை விரித்து வையுங்கள். கை கழுவ ஒரு குவளைத் தண்ணீரும் துடைக்க ஒரு துணியும் வையுங்கள். நாளுக்கொரு பக்கம் புரட்டுங்கள். படத்தின் கீழ் நல்ல தமிழில் நான்கு வரி எழுதி வையுங்கள்: எந்த ஊர், எந்தப் பேருந்து, எந்தத் தூண், எப்படிச் செய்தனர் என்று. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், மனம் போதும்.

மாவட்டத்துக்கொரு சிறுநூல் வேண்டுமென்றும் கேட்கிறோம். 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று; கற்களோ பிரியவில்லை. தாரமங்கலத்துத் தூண்கள், நாமக்கல் பாறையில் எட்டாம் நூற்றாண்டில் அதியர் குடைந்த குடைவரைகள், சங்ககிரிக் கோட்டை, ஆத்தூர்க் கோட்டை — அறுபது எழுபது பக்கம், நான்கு மை, தமிழ் எழுத்து. ஆயிரம் அல்ல, பள்ளிக்கூடமெல்லாம் சேருமளவு அடியுங்கள். விலை தானே இறங்கும்.

தோழர்களே! தேநீர்க் கடையில் ஏடு படித்து, கீற்றுக் கொட்டகையில் படிப்பகம் கண்டு வளர்ந்தவர்கள் நாம். உங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு, பலர் சேர்ந்து பத்து இருபது போட்டு, இத்தகைய நூல் ஒன்றை வாங்குங்கள். ஒருவன் வாங்கினால் ஆடம்பரம். நூறு பேர் வாங்கினால் பொதுவுடைமை. ஞாயிறு தோறும் ஒரு பக்கம் பாருங்கள். முடிந்தால் மறு ஞாயிறு அந்த ஊருக்கே போங்கள்.

சங்கிலியைக் கண்டு திரும்பிய அன்று பேருந்தில் நம் தோழர் கேட்டார்: “அந்தப் புத்தகத்தை அந்த ஐயா படிக்கிறதில்லீங்களே, நம்ம படிப்பகத்துக்குக் கேட்டா கொடுப்பாருங்களா?”

கூலிப் பேச்சுக்கு மீண்டும் போகிறோம். இம்முறை கோரிக்கைப் பட்டியலில் அதையும் எழுதியிருக்கிறோம், கடைசி வரியாக!