குளிர்ந்த வீடும் மூச்சுத் திணறலும்

குளிர்காலத்தில் நெஞ்சு நோய்ப் பிரிவுக்கு வரும் முதியோரிடம், மருந்தைப் பற்றிக் கேட்கும் முன்பே, "வீட்டில் ஹீட்டர் போடுகிறீர்களா?" என்று கேட்பது என் வழக்கம். கட்டணத்துக்கு அஞ்சி அதை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் இருப்பதாகப் பலர் தயங்கியே சொல்கிறார்கள். அறையின் வெப்பம் 18 பாகைக்குக் கீழே இறங்கினால் இரத்த அழுத்தம் உயரும், மூச்சுக்குழாய்கள் சுருங்கும். அந்நிலையில் இன்ஹேலர் மட்டும் போதாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குறைந்த வருமானமுள்ள முதியோர் முதலில் விண்ணப்பிக்க வேண்டியது 'பென்ஷன் கிரெடிட்'. மகன் வீட்டில் வாழ்பவருக்கு அது கிடைக்காது என்பது தவறான எண்ணம். துணைவரின் வருமானம் கணக்கில் சேரும்; பிள்ளைகளின் வருமானம் சேராது. தகுதி இருந்தால் முந்தைய மூன்று மாதங்களுக்கான தொகையையும் கேட்டுப் பெறலாம்.

வாரத்துக்குச் சில பவுண்களே கிடைத்தாலும் அதைப் பெறுவது நன்று. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, உங்கள் பகுதியின் சராசரி வெப்பம் தொடர்ந்து ஏழு நாள்கள் பூச்சியத்திலோ அதற்குக் கீழோ இருந்தால், ஒவ்வொரு முறையும் 25 பவுண் தானாகவே வந்து சேரும். மின்கட்டணத்தில் 150 பவுண் கழிவும் உண்டு. ஆனால் மின்கணக்கு உங்கள் பெயரிலோ துணைவர் பெயரிலோ இருக்க வேண்டும். நம் குடும்பங்களில் அது பெரும்பாலும் பிள்ளையின் பெயரில் இருப்பதால் இக்கழிவு நழுவிப்போகிறது.

அரசு உதவித்தொகை பெறக்கூடாது என்ற நிபந்தனை விசாவில் உள்ளவர்கள், குடிவரவு ஆலோசகரைக் கேளாமல் விண்ணப்பிக்க வேண்டாம்.

வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருப்போருக்கு ஒரு சொல்: அதற்கான மின்செலவை, இயந்திரத்தை வழங்கிய நிறுவனமே திருப்பித் தரும். செலவுக்கு அஞ்சி இரவில் அதை நிறுத்தாதீர்கள்.